கோபாலனை விட்டுவிட்டுச் சுதந்திரத்தை எப்படி நடத்துவது?

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இளங்கலை அரசியல் அறிவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நான் அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் தமிழ்வழி மாணவர்களுக்கு அரசியல் அறிவியல் நடத்துகிறேன். அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்த நீங்கள் உட்காரும்போது ஒரு கோரிக்கையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ‘அரசியல் கோட்பாடு’ ஒரு தாள், ‘இந்திய அரசமைப்பு’ வேறொரு தாள் என்று பிரித்து, ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாமலே மூன்று வருடப் படிப்பை ஓட்டுகிறோம். இதை மாற்றுங்கள். சுதந்திரம், சமத்துவம், சட்டம், இறையாண்மை என்று முதல் பருவத்தில் வரும் ஒவ்வொரு கருத்தையும், அது இந்த நாட்டில் எந்த வழக்கில், எந்தச் சபை விவாதத்தில் உண்மையாகவே சண்டைக்கு வந்ததோ, அந்த இடத்தில் வைத்து நடத்த வழிசெய்யுங்கள். மற்றதெல்லாம் இதற்கு அடுத்துத்தான்.

இப்போது எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதல் அலகு: பொருள், வரையறை, தன்மை, பரப்பு. கார்னர் இப்படிச் சொன்னார், கெட்டல் அப்படிச் சொன்னார், கில்கிறிஸ்ட் வேறு மாதிரி சொன்னார். ‘அரசியல் அறிவியல் அரசில் தொடங்கி அரசில் முடிகிறது’ என்ற கார்னரின் வரி இல்லாத கைடு இந்த மாநிலத்தில் அச்சாகியிருக்குமா என்பதே சந்தேகம். அப்புறம் ஒவ்வொரு கருத்துக்கும் அதே வரிசை: பொருள், வரையறை, வகைகள், பாதுகாப்புகள். நான் படித்தபோதும் இதே வரிசைதான். என் ஆசிரியர் படித்தபோதும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மையத் திருத்தத்தில் கைக்கு வந்த ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்கிறேன். ‘சுதந்திரத்தின் வகைகளை விளக்குக’ என்பது 10 மதிப்பெண் வினா. மாணவர் ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டு ஐந்து தலைப்பு போட்டிருந்தார்: இயற்கைச் சுதந்திரம், குடிமைச் சுதந்திரம், அரசியல் சுதந்திரம், பொருளாதாரச் சுதந்திரம், தேசியச் சுதந்திரம். குடிமைச் சுதந்திரத்தின் கீழே, ‘இது குடிமக்கள் அனுபவிக்கும் சுதந்திரம் ஆகும்.’ பொருளாதாரச் சுதந்திரத்தின் கீழே, ‘இது பொருளாதாரம் சார்ந்த சுதந்திரம் ஆகும்.’ கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. திருத்தும் குறிப்பின்படி ஐந்து தலைப்பும் இருக்கின்றன, ஆகவே எட்டு மதிப்பெண். அதைக் குறைக்க எனக்கு எந்த நியாயமும் இல்லை. நாம் கேட்டதை அந்த மாணவர் சரியாகவே கொடுத்திருக்கிறார். கேட்ட கேள்வியில்தான் ஒன்றுமில்லை.

இதே சுதந்திரத்தை ஏ.கே. கோபாலன் வழக்கை வைத்து நடத்திப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். என் கோரிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அரசமைப்பு நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. சரியாக ஒரு மாதத்தில், பிப்ரவரி கடைசியில், தடுப்புக் காவல் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றுகிறது. மார்ச் 1 அன்று, 1947 டிசம்பரிலிருந்தே சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலனுக்குப் புதுச் சட்டத்தின் கீழ் உத்தரவு தரப்படுகிறது. ஏற்கெனவே அவர் மீது போட்ட வழக்குகளின் தண்டனைகள் ரத்தாகியிருந்தன. விசாரணை இல்லை, தண்டனை இல்லை, ஆனாலும் உள்ளேயே இருக்க வேண்டும். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறார். வழக்கின் பெயர் கோபாலன் எதிர் சென்னை மாநிலம். ஆறு நீதிபதிகள் அமர்ந்து அந்த மே மாதமே தீர்ப்புச் சொன்னார்கள்.

கேள்வி ஒரு வரியில் அடங்கும். ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி’ அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 21ஆவது பிரிவு. இங்கே சட்டம் என்றால் எது? நாடாளுமன்றம் கைதூக்கி நிறைவேற்றிய எதுவும் சட்டமா? அல்லது அதற்குள் ஒரு நியாயம் இருந்தால்தான் சட்டமா? கோபாலனுக்காக வாதாடிய எம்.கே. நம்பியார் இரண்டாவதைச் சொன்னார். பெரும்பான்மை நீதிபதிகள் முதலாவதை ஏற்றார்கள். தடுப்புக் காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14ஆவது பிரிவை மட்டும் வெட்டிவிட்டு, மிச்சச் சட்டத்தை நிற்கவிட்டார்கள். கோபாலன் உள்ளேயே இருந்தார். பசல் அலி மட்டும் முழுதாக மாறுபட்டு எழுதினார்.

இந்த இடத்தில் வகுப்பில் ஆஸ்டினைக் கொண்டுவந்தால் மாணவர்களுக்கு அவர் எதற்கு என்று புரிகிறது. இறையாளரின் கட்டளையே சட்டம் என்றவர் அவர். பெரும்பான்மைத் தீர்ப்பு அவர் பக்கம் சாய்கிறதா என்று கேட்கலாம். சட்டம் பேசாத இடத்தில்தான் குடிமகனுக்குச் சுதந்திரம் என்ற ஹாப்ஸையும், சட்டம் இல்லாத இடத்தில் சுதந்திரமே இல்லை என்ற லாக்கையும் எதிரெதிரே உட்காரவைக்கலாம். லாக் சொல்லும் சட்டம் இந்தத் தடுப்புக் காவல் சட்டத்தைப் போன்றதுதானா என்று அடுத்துக் கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். சிந்தனையாளர் ஐசாயா பெர்லின் 1958இல் பிரித்துக் காட்டிய இருவகைச் சுதந்திரத்துக்கும் (பிறர் குறுக்கிடாதிருப்பது, தன்னைத் தானே ஆள்வது) அப்போது வேலை வரும். வரையறை எதுவும் வீணாகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் இப்போது அது ஒரு மனிதன் வெளியே வருவானா மாட்டானா என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இதற்கு முன்கதையும் உண்டு. அமெரிக்க அரசமைப்பில் இருப்பதைப் போல ‘உரிய சட்ட முறை’ என்ற கருத்தை நம் வரைவிலும் வைக்கத்தான் முதலில் எண்ணினார்கள். 1947இல் அமெரிக்கா போன அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ், அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி பிராங்க்பர்ட்டரைச் சந்தித்தார். தேர்ந்தெடுக்கப்பட்ட சபை போடும் சட்டத்தைச் சில நீதிபதிகள் தள்ளிவிட அது இடம் கொடுக்கும், அது ஜனநாயகத்துக்கு நல்லதல்ல என்று அவர் எச்சரித்தார். வாசகம் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ என்று மாறியது. 1948 டிசம்பரில் அரசமைப்பு நிர்ணய சபையில் இதைப் பற்றிப் பலத்த வாக்குவாதம். நம் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர் மாற்றத்தை ஆதரித்தவர்களில் முக்கியமானவர். அம்பேத்கரோ இரண்டு பக்கத்து ஆபத்தையும் எடுத்துச் சொல்லிவிட்டு, முடிவைச் சபையிடமே விட்டார். நாடாளுமன்றத்தையும் முழுதாக நம்ப முடியாது, ஐந்தாறு நீதிபதிகளையும் முழுதாக நம்ப முடியாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். பிறகு 1949 செப்டம்பரில், 21ஆவது பிரிவில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக, கைது செய்யப்பட்டவருக்கான பாதுகாப்புகளை இன்று 22 என்று நாம் படிக்கும் பிரிவாகக் கொண்டுவந்தார். தடுப்புக் காவலுக்கான அனுமதியும் அந்தப் பிரிவிலேயேதான் இருக்கிறது. பாதுகாப்பும் அதற்கான ஓட்டையும் ஒரே பிரிவில்! இதை ஒரு மாணவர் ஒருமுறை ஊன்றிப் படித்துவிட்டால் 22ஆவது பிரிவை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

முன்கதை மட்டுமல்ல, பின்கதையும் இருக்கிறது. 1976இல் நெருக்கடி நிலையின்போது ஜபல்பூர் வழக்கில், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை என்றால் அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் திரும்பிவந்தது. பசல் அலி தனியாக நின்று எழுதியது 28 வருடம் கழித்துச் சட்டமானது. கோபாலன் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை, 1952லேயே தேர்தலில் ஜெயித்து மக்களவைக்குப் போய்விட்டார்.

இவ்வளவும் முடிந்த பிறகு வகுப்பில் நான் கேட்பது ‘குண்டாஸ்’ பற்றி. தமிழ்நாட்டின் 1982ஆம் வருடச் சட்டம் 14. நாளிதழ் படிக்காத மாணவருக்கும் இந்தப் பெயர் தெரியும். தெருவில் யாராவது ஒருவர் அதில் உள்ளே போயிருப்பார். விசாரணை இல்லாமல் ஒரு வருடம் வரை வைக்கலாம் என்பதும் தெரியும். ஆனால் அது தடுப்புக் காவல் என்பதும், 22ஆவது பிரிவு இடம் கொடுப்பதால்தான் நிற்கிறது என்பதும், அதில் காவல் தேவைதானா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியாது. ஒரு முறை முதலாண்டு வகுப்பில், ‘போலீஸ் பிடித்தால் எத்தனை மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும்? குண்டாஸில் ஏன் அந்தக் கணக்கு வரவில்லை?’ என்று கேட்டேன். முன் பெஞ்சுப் பையன், ‘அது செகண்ட் இயர் பேப்பர் சார்’ என்றான். அவன் மேல் தப்பில்லை. நாம் போட்டுக்கொடுத்த கால அட்டவணையைத்தான் அவன் திருப்பிச் சொன்னான்.

சமத்துவத்துக்கு வருவோம். இதற்குச் செண்பகம் துரைராஜன் வழக்கைவிட நல்ல பாடம் உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது என்பது என் எண்ணம். கொஞ்சம் மிகைதான், இருக்கட்டும்.

கரும்பலகையில் 14 என்று எழுதிவிட்டு ஆரம்பிக்கலாம். சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணைப்படி, மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2 (அரசாணையின் சொல் அது), ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவரும் சேர்ந்து 1, முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பாருங்கள் என்று சொன்னால் கூட்டுவார்கள். 14 வந்துவிடும். சில விநாடி கழித்து யாராவது ஒருவர், ‘இதில் ஓ.சி.யே இல்லையே சார்’ என்பார். அங்கே பாடம் சூடு பிடிக்கிறது. இது இடஒதுக்கீடா, பங்கீடா? எல்லா இடத்தையும் எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தால் அது சமத்துவமா, இல்லையா? தங்கள் சேர்க்கைக் கடிதத்தில் இருந்த 69 சதவீதக் கணக்கை அவர்களே எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள். மிச்சம் 31 பொதுப்போட்டி, அப்போது அதுகூடக் கிடையாது.

மனுதாரர் செண்பகம் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை, விசாரித்ததில் இடம் கிடைக்காது என்று தெரிந்ததால் வழக்குப் போட்டார் என்பது தீர்ப்பிலேயே இருக்கிறது. வகுப்பு எப்போதும் இதைக் கேட்டுக் கொதிக்கும். கொதிக்கட்டும், ஆனால் அதைத் தாண்டியும் போக வேண்டும். 1951 ஏப்ரலில் அரசாணை செல்லாது என்ற உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? வேலைவாய்ப்பைப் பற்றிய 16ஆவது பிரிவில் பிற்பட்டோருக்கு விலக்கு எழுதியிருக்கிறீர்கள், கல்விச் சேர்க்கையைப் பற்றிய 29ஆவது பிரிவில் எழுதவில்லை. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் 46ஆவது பிரிவு வெறும் வழிகாட்டு நெறி, அது அடிப்படை உரிமையை மீற முடியாது. எழுத்தை வைத்துப் பார்த்தால் வாதம் கச்சிதம். சமூகத்தை வைத்துப் பார்த்தால்? இரண்டே மாதத்தில், ஜூன் 18இல், அரசமைப்பின் முதலாவது திருத்தம் வந்து, பிற்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தரும் 15(4) சேர்ந்தது. தமிழ்நாட்டில் பெரியாரும் மற்றவர்களும் நடத்திய கிளர்ச்சி அதற்குப் பின்னால் இருந்தது. சென்னையில் நடந்ததை நேருவும் நாடாளுமன்றத்தில் குறிப்பிட்டுப் பேசினார்.

சமமானவர்களைச் சமமாகவும் சமமில்லாதவர்களை அதற்குத் தக்கபடியும் நடத்த வேண்டும் என்ற அரிஸ்டாட்டில் இந்த வழக்கில் யார் பக்கம்? இரண்டு பக்கமும் அவரை இழுக்கலாம், இழுத்துப் பார்ப்பதுதான் பயிற்சி. அனைவரையும்விடக் கீழே இருப்பவருக்கு நன்மை தரும் ஏற்றத்தாழ்வை மட்டுமே ஏற்கலாம் என்று ரால்ஸ் எழுதியது 1971இல். அதற்கு 20 வருடம் முன்பே இந்தச் சண்டை இங்கே நீதிமன்றம், தெரு, நாடாளுமன்றம் என்று மூன்று இடத்திலும் நடந்துவிட்டது. 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் சபையில் எச்சரித்ததையும் இத்தோடு படிக்கலாம்: ஜனவரி 26 முதல் நாம் முரண்பாடுகளின் வாழ்வுக்குள் நுழைகிறோம், அரசியலில் சமத்துவம் இருக்கும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் இருக்காது. அடுத்த ஒன்றரை வருடத்தில் அந்த முரண்பாடு சென்னையிலிருந்து டெல்லி போய் அரசமைப்பையே திருத்த வைத்தது. இந்த இரண்டு விஷயத்தையும் நாம் இப்போது வேறு வேறு தாளில், வேறு வேறு பருவத்தில் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

ஒரு கிளைக் கேள்வியும் உண்டு. முதலாவது திருத்தத்தைச் செய்த நாடாளுமன்றம் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்ததல்ல, தற்காலிக நாடாளுமன்றம். முதல் பொதுத் தேர்தலே அப்புறம்தான். அப்படியானால் மக்களின் பெயரால் அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் அதற்கு எங்கிருந்து வந்தது? ரூசோவின் பொதுவிருப்பத்தை நடத்த இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கேள்வி சங்கரி பிரசாத் வழக்காகி, கேசவானந்த பாரதி வரை போய், 1973 ஏப்ரல் 24 அன்று 13 நீதிபதிகளில் 7 பேர் ஒரு பக்கமும் 6 பேர் மறுபக்கமும் நின்று முடிந்தது. திருத்தலாம், ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைத் தொடக் கூடாது. வரம்புக்குட்பட்ட அரசாங்கம் என்றால் என்ன என்று எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒரு வழக்கு தரும் தெளிவு வராது.

கருத்துச் சுதந்திரத்துக்கு ரொமேஷ் தாப்பர் வழக்கு. பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ வார இதழைச் சென்னை அரசு உள்ளே விடாததால் எழுந்தது. இதுவும் 1950 மே மாதம், இதற்கும் பதிலாக முதலாவது திருத்தத்தில் ஒரு வாசகம் சேர்ந்தது. இறையாண்மைக்கு 1963இன் 16ஆவது திருத்தம். வேட்பாளர்கள் நாட்டின் இறையாண்மைக்கும் ஒருமைப்பாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று வந்ததும், அண்ணாவின் கட்சி பிரிவினைக் கோரிக்கையைக் கைவிட்டதும் ஒரே வருடம். இவற்றை நான் விரிக்கப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். கவனிக்க வேண்டியது, அடிப்படையான வழக்குகளில் இத்தனையில் சென்னை மாநிலம் ஒரு தரப்பாக இருப்பது. நம் மாணவர்கள் சுதந்திரத்தின் வகைகளை எழுதிக்கொண்டிருக்கும் அதே ஊரில் இந்தச் சண்டைகள் நடந்திருக்கின்றன.

கூட்டாட்சியும் அப்படித்தான். ‘இந்தியா ஒரு கூட்டாட்சியா? விவாதி’ என்ற வினாவுக்கு அறிஞர் கே.சி. வியர் ‘பாதிக் கூட்டாட்சி’ என்று சொன்னதை எழுதிவிட்டு மாணவர் கிளம்பிவிடுகிறார். இந்த மாநிலத்தில் 1976இலும், 1980இலும், 1991இலும் ஆட்சி கலைக்கப்பட்டிருக்கிறது. 1991இல் ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். 1969இல் ராஜமன்னார் குழுவை அமைத்து, மத்திய மாநில உறவைப் பற்றி ஒரு மாநில அரசே ஆய்வு செய்யச் சொன்னதும் இங்கேதான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஆட்சி கலைக்கப்பட்ட கர்நாடக முதல்வர் எஸ்.ஆர். பொம்மையின் வழக்கில் 1994இல் வந்த தீர்ப்பைப் படித்தால், பெரும்பான்மையை ஆளுநர் மாளிகையில் அல்ல, சபையில்தான் சோதிக்க வேண்டும் என்பது ஏன் அத்தனை பெரிய விஷயம் என்று புரியும்.

இப்போது நடப்பது இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. சட்டமன்றம் இரண்டாம் முறையும் நிறைவேற்றி அனுப்பிய 10 மசோதாக்களை ஆளுநர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது செல்லாது, அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்று 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது, காலக்கெடுவும் விதித்தது. குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதன் பேரில் நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதி அமர்வு, காலக்கெடு விதிக்கவோ ஒப்புதல் பெற்றதாகக் கருதவோ நீதிமன்றத்தால் முடியாது, அதே சமயம் ஆளுநர் முடிவில்லாமல் கிடப்பில் போடவும் கூடாது என்று கருத்துச் சொன்னது. அதிகாரப் பிரிவினை, பொறுப்பாட்சி, கூட்டாட்சி மூன்றும் ஒரே வழக்கில். போதாதற்கு அந்த மசோதாக்களில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்களைப் பற்றியவை. உங்கள் குழுவையே தொடும் விவகாரம் உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாமல் இருப்பது வேடிக்கைதான்.

சரி, எதிர்ப்புகளுக்கு வருவோம். இந்தப் பேச்சை ஆசிரியர் கூட்டங்களில் எடுத்தால் முதலில் வருவது, ‘இது சட்டக் கல்லூரிப் பாடம்’ என்பது. சட்ட மாணவர் தீர்ப்பைப் படிப்பது அடுத்த வழக்கில் அதை மேற்கோள் காட்டுவதற்காக. நம் மாணவர் படிக்க வேண்டியது, இரண்டு நியாயங்கள் மோதும்போது ஒரு சமூகம் எதை விட்டுக்கொடுத்தது என்று பார்ப்பதற்காக. நமக்குச் சாட்சியச் சட்டமும் வேண்டாம், வழக்கு எண்களும் வேண்டாம். மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் என்ன சொன்னார் என்பது சட்ட மாணவருக்குப் பல நேரம் தேவைப்படாது, நமக்கு அதுதான் முக்கியம்.

அடுத்தது டி.என்.பி.எஸ்.சி. நம்மிடம் சேரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் குரூப் தேர்வுகளை நினைத்துத்தான் இந்தப் பாடத்தை எடுக்கிறார்கள் என்று எல்லா ஆசிரியருக்கும் தெரியும். அதில் எனக்கு எந்த ஏளனமும் கிடையாது, முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அரசு வேலை என்பது வீட்டின் நிலைமையையே மாற்றும் விஷயம். ஆனால் பிரிவுகளை எண் வாரியாக ஒப்பிப்பதைக் கல்லூரி செய்யத் தேவையில்லை, பயிற்சி மையம் நம்மைவிட நன்றாகச் செய்கிறது. 14, 15, 16, 29, 46 என்ற எண்கள் ஒன்றோடொன்று ஏன் உரசுகின்றன என்று செண்பகம் வழக்கில் பார்த்தவருக்கு அவை மறக்காது. குரூப் ஒன்றின் முதன்மைத் தேர்வில் விரித்து எழுத வேண்டிய இடத்தில் அவருக்குச் சொல்ல விஷயமும் இருக்கும்.

மூன்றாவது எதிர்ப்பை மட்டும் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. தமிழில் படிக்க எதுவும் இல்லை என்கிறார்கள். உண்மை. என் கல்லூரியில் ஆங்கிலவழிப் பிரிவு மாணவர் விரும்பினால் அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களின் 12 தொகுதியையும் போனிலேயே படிக்கலாம், கோபாலன் தீர்ப்பை முழுதாகவே இறக்கிக்கொள்ளலாம். அடுத்த அறையில் இருக்கும் தமிழ்வழி மாணவருக்கு இருப்பது கைடு. உச்ச நீதிமன்றத் தளத்தில் சில தீர்ப்புகளின் தமிழாக்கம் கிடைக்கிறது, அது நல்ல தொடக்கம்; ஆனால் அவை வழக்கறிஞருக்கானவை, முதலாண்டு மாணவரிடம் கொடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார். ஒரே பட்டம், ஒரே வினாத்தாள், ஒருவருக்கு மூலமும் இன்னொருவருக்குச் சுருக்கத்தின் சுருக்கமும். சமத்துவத்தைப் பற்றி 10 மதிப்பெண் வினா கேட்கும் நாம் இதைச் சரிசெய்யாமல் இருப்பது நன்றாக இல்லை.

ஆகவே ஒரு தமிழ்த் தொகுப்பு வேண்டும். 200 பக்கத்துக்குள், விலை குறைவாக, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக. 1948 டிசம்பர் விவாதம், அம்பேத்கரின் கடைசி உரையில் சில பக்கம், கோபாலன் வழக்கின் இரு பக்க வாதமும், செண்பகம், மேனகா, கேசவானந்தாவின் சாரம், பொம்மை. அம்மு சுவாமிநாதன் 1949 நவம்பரில் சபையில் பேசும்போது, அரசமைப்பு என்றால் கைப்பையிலோ சட்டைப் பையிலோ வைத்துக்கொள்ளும்படி சின்னதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இது இவ்வளவு பெரிதாகிவிட்டதே என்று சொன்னார். அதையும் சேருங்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிட்டு யாராவது மேலோட்டமாகப் பார்த்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியர்களிடமே கொடுங்கள், அதற்குரிய ஊதியத்தோடு. இந்தத் தாள்களைப் பல கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள்தான் நடத்துகிறார்கள். சம்பளம் எப்போது வரும் என்று தெரியாமல் நாலு தாள் எடுப்பவரிடம் இதையும் இலவசமாகச் செய் என்று சொல்ல யாருக்கும் வாய் வரக் கூடாது.

தொகுப்பு வந்தாலும் வினாத்தாள் மாறாவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆசிரியர்கள் வினாத்தாளைத்தான் நடத்துகிறார்கள், பாடத்திட்டத்தை அல்ல. ‘வகைகளை விளக்குக’ என்று கேட்கும் வரை வகைகள்தான் வரும். அதற்குப் பதிலாக ஒரு பத்தியைக் கொடுங்கள். பசல் அலி எழுதியதிலிருந்தோ அல்லாடி பேசியதிலிருந்தோ ஆறேழு வரி. இவர் சொல்லும் ‘சட்டம்’ எது, நீங்கள் படித்த எந்தச் சிந்தனையாளரோடு இது ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது, நீங்கள் எந்தப் பக்கம், ஏன்? இப்படிக் கேட்டால் கைடு போடுபவர்களும் இரண்டு வருடத்தில் இதற்கு விடை அச்சடித்துவிடுவார்கள் என்பது தெரியும். பத்தியை வருடாவருடம் மாற்றுங்கள். மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும் காரணம் சொன்னால் மதிப்பெண் என்று திருத்தும் குறிப்பில் தெளிவாக எழுதுங்கள். இல்லாவிட்டால் திருத்துபவர் தன் கட்சிக்கு மதிப்பெண் போட்டுவிடுவார், அந்த ஆபத்தும் இருக்கிறது.

அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் கிராம சபைக்கு ஒதுக்கலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நாள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. மாணவர் தன் ஊர்க் கூட்டத்துக்குப் போய், யார் பேசினார்கள், யார் பேசாமல் கையெழுத்து மட்டும் போட்டார்கள், தீர்மானப் புத்தகத்தில் என்ன எழுதப்பட்டது என்று இரண்டு பக்கம் எழுதிவரட்டும். நேரடி ஜனநாயகத்தைப் பற்றி ரூசோ சொன்னதை அதற்கு அப்புறம் நடத்துகிறேன்.

இடம் எங்கே என்று கேட்பீர்கள். முதல் அலகின் பொருள், வரையறை, தன்மை, பரப்பு முழுவதையும் இரண்டு வகுப்பில் முடிக்கலாம். அரசின் தோற்றக் கோட்பாடுகளில் தெய்வீகக் கோட்பாடும் வலிமைக் கோட்பாடும் ஒரு வகுப்புக்கு மேல் தாங்காது. ஏனைய துறைகளுடனான உறவு என்று வரலாறு, பொருளியல், உளவியல் எல்லாவற்றோடும் அரசியல் அறிவியலுக்கு உறவு சொல்லும் பகுதியை அப்படியே எடுத்துவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. மிச்சமாகும் நேரத்தில் பருவத்துக்கு இரண்டு வழக்கு தாராளமாக நடத்தலாம்.

கோபாலன் வழக்கில் பசல் அலி எழுதிய மாறுபட்ட தீர்ப்பின் முக்கியப் பகுதியையும், 1948 டிசம்பர் விவாதத்தில் சில உரைகளையும் என் வகுப்புக்காகத் தமிழாக்கி வைத்திருக்கிறேன். அவற்றோடு மேலே சொன்ன முறையில் ஒரு மாதிரி வினாத்தாளும் திருத்தும் குறிப்பும் தயாராக இருக்கின்றன. குழு கேட்டால் உடனே அனுப்புகிறேன். வெட்டலாம், திருத்தலாம், வேறு யாரையாவது மறுபடி எழுதச் சொல்லலாம். என் பெயர் போட வேண்டியதில்லை. கூட்டம் எப்போது என்று மட்டும் கல்லூரிகளுக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள், வகுப்பை மாற்றி வைத்துவிட்டு நாங்கள் சிலர் நேரிலேயே வருகிறோம்.

இப்படிக்கு,
தமிழ்வழி இளங்கலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் ஓர் அரசியல் அறிவியல் ஆசிரியர்